சேறு அள்ளுவது மட்டும் தீர்வாகாது

மட்டாஞ்சேரியின் மிளகு, அரிசிக் கிடங்குகளை ஒட்டிய நீர்த்தடத்தில் வண்டல் படிவது புதிதல்ல. 1341-ம் ஆண்டு பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளமே முசிறியைத் தூர்த்து, கொச்சிக்கு முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்று கருதப்படுகிறது. ஆறு சுமந்துவந்த மண்ணால் உருவான துறைமுகம், இன்று அந்த மண்ணோடுதான் போராடுகிறது.

துறைமுக நீர்த்தடங்களைத் தூர்வார ஆண்டுதோறும் பெருந்தொகை செலவாகிறது. அந்தச் சேற்றில் ஒரு பகுதி கடலிலிருந்து வருவது. அதைத் தடுக்க இயலாது. ஆனால், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஆறுகள் அரித்துவரும் மண்ணைக் குறைக்க இயலும். அந்தப் பணியைத் தொடங்க வேண்டிய இடம் துறைமுகமல்ல, மலைச்சரிவும் நெல்வயலும்தான்.

மலையடிவாரப் பள்ளத்தாக்குகளின் நெல்வயல்கள் மழைநீரை வரப்புக்குள் நிறுத்தி, வண்டலை அங்கேயே படியவைக்கின்றன. கொச்சியைச் சுற்றியுள்ள பொக்காளி வயல்கள் நெல்லும் இறாலும் மாறிமாறித் தருவதோடு, வெள்ளம் பரவவும் இடமளிக்கின்றன. ஆனால், 1970-களில் 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த கேரளத்தின் நெல் சாகுபடிப் பரப்பு, ஏறத்தாழ 2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது.

நெல்வயல்களையும் நீர்நிலங்களையும் காக்க 2008-ல் கேரளம் சட்டம் இயற்றியது. அதற்கு முன்பே தூர்க்கப்பட்ட நிலங்களைக் கட்டணம் பெற்று முறைப்படுத்த 2018-ல் அதே சட்டம் திருத்தப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் பெரியாறு கரைபுரண்டது. மலைச்சரிவுகள் குறித்து 2011-ல் காட்கில் குழு விடுத்த எச்சரிக்கையை, 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவு மீண்டும் நினைவூட்டியது.

நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாட்டுக்கான மத்திய அரசின் திட்டம் ஊரக வளர்ச்சி அமைச்சகத்திடம் இருக்கிறது. துறைமுகம் வேறோர் அமைச்சகத்தின் பொறுப்பு. வேளாண்மையோ மாநிலப் பட்டியலில் உள்ளது. ஒரே ஆற்றின் மண்ணுக்கு மூன்று கோப்புகள் என்றால், யாரும் முழுப் பொறுப்பேற்க மாட்டார்கள்.

மலை முதல் காயல் வரை ஒரே திட்டம் தேவை. சரிவுகளில் சமமட்ட வரப்புகளும் தடுப்பணைகளும் அமைக்கப்பட வேண்டும். நெல்வயலைக் காப்போருக்கு ஹெக்டேருக்கு ரூ. 2,000 என 2020-ல் கேரளம் அளிக்கத் தொடங்கிய ஊக்கத்தொகை நல்ல தொடக்கம். வயலைக் கைவிடாமல் இருக்க அது போதாது. அதே ஆண்டில் காவிரிப் படுகையைக் காக்கச் சட்டம் இயற்றிய தமிழகத்துக்கும் இது பொருந்தும்.

தூர்வாரச் செலவிடும் தொகையில் ஒரு பங்கையாவது வரப்புகளுக்குத் திருப்ப மத்திய, மாநில அரசுகள் முன்வர வேண்டும். வயலில் தங்கினால் வளமாகும் மண், துறைமுகத்தை அடைந்தால் வெறும் செலவுதான்.