நாளுக்குப் பத்து ரூபாயும் இல்லை!

"இந்தப் பையனை வேறே எங்காவது சேர்த்துவிடுங்கள்; மற்றப் பிள்ளைகள் படிப்புக் கெடுகிறது!"

ஒரு பள்ளிக்கூடத்தில் இப்படிச் சொல்லிவிட்டார்களென்று ஒரு தாய் நம் ஆபீசுக்கு வந்து அழுதார். பசுமலைக்குத் தெற்கே களையெடுக்கப் போகிறவர். புருஷன் நூல் மில்லில் காண்டிராக்ட் கூலி. பையனுக்கு ஏழு வயது. பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். கோயில் கோயிலாக அலைந்து, மந்திரித்து, கடைசியில் மதுரை பெரியாஸ்பத்திரியில்தான் 'ஆட்டிசம்' என்று தெரிந்ததாம்.

மாமியார் மருமகளைத்தான் குற்றம் சொல்கிறாராம். மாமியாரை என்ன சொல்ல? 1943-ல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற டாக்டர் இத்தகைய குழந்தைகளைப் பற்றி விவரமாக எழுதினார். அதன்பின் படித்த மேதாவிகளே பல வருஷம் 'பாசமில்லாத தாய்தான் காரணம்' என்று பழி போட்டார்கள்! அது பொய்யென்று விஞ்ஞானம் தள்ளிவிட்டது. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வித்தியாசம் இது. மருந்து கொடுத்துப் போக்குகிற வியாதியல்ல. பேச்சுப் பயிற்சியும், கைகால்களைப் பழக்கும் பயிற்சியும், வகுப்பில் பக்கத்திலிருந்து கவனிக்க ஓர் ஆளும் கிடைத்தால், பல பிள்ளைகள் மற்றவரோடு சேர்ந்தே படிக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. சர்க்கார் பணமோ அங்கீகாரமோ பெறுகிற எந்தப் பள்ளியும் இந்தப் பிள்ளைகளைப் பாரபட்சமின்றிச் சேர்க்க வேண்டும். தேவையான உதவியும் தரவேண்டும். ஆகவே அந்தப் பள்ளிக்கூடம் சொன்னது சட்ட விரோதம். ஆனால் ஆசிரியரை மட்டும் திட்டிப் பயனில்லை. நாற்பது பிள்ளைகளோடு தனியாக நிற்கிற ஆசிரியர் என்ன செய்வார்? துணைக்கு ஆள் வேண்டும். ஆளுக்குப் பணம் வேண்டும்.

பணம் எங்கே? 'சமக்ர சிக்ஷா' திட்டத்தில் மத்திய சர்க்கார் நூற்றுக்கு 60, மாநில சர்க்கார் 40 போடவேண்டும். இதில் இத்தகைய பிள்ளை ஒன்றுக்கு வகுத்த தொகை வருஷத்துக்கு 3,500 ரூபாய். கணக்குப் போடுங்கள் தோழர்களே: நாளுக்குப் பத்து ரூபாய்கூட வரவில்லை! ஒரு கிளாஸ் டீக்குக் காணாது.

அந்தப் பணமாவது ஒழுங்காக வந்ததா? பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லையென்று 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை டில்லி நிறுத்தி வைத்தது. மாநில சர்க்கார் 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. மொழிக் கொள்கைச் சண்டைக்கு, பேச்சே வராத பிள்ளையின் பயிற்சியா ஈடு?

மாநில சர்க்காரும் கைகழுவ முடியாது. வட்டார வள மையங்களின் சிறப்புப் பயிற்றுநர்கள் வருஷக்கணக்காகத் தொகுப்பூதியத்தில் உழல்கிறார்கள். அவர்களும் நம்மைப் போன்ற காண்டிராக்ட் கூலிகளே. ஊர் ஊராக அலைகிறவர் ஒரு பிள்ளையோடு எத்தனை நேரம் உட்கார முடியும்? 2021 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட், தொடக்க வகுப்புகளில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்றது. 2025 மார்ச்சில், நிரந்தர இடங்களை அறிவித்து நியமியுங்கள் என்று மாநிலங்களுக்கெல்லாம் கெடுவும் வைத்தது.

தனியாரிடம் போகலாமே என்பார்கள் காசுள்ளவர்கள். 2025-26-ல் நூறு நாள் வேலைக்கு இங்கே அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். கூலியையும் இழந்து, பஸ் ஏறி, அவர்கள் கேட்கிற கட்டணத்தையும் கொடுத்து அந்தத் தாய் எத்தனை நாள் தாங்குவார்?

தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' இன்ஷூரன்ஸ் என்று ஒன்று உண்டு. வருஷம் ஒரு லட்சம் வரை. பயிற்சிச் செலவிலும் ஒரு பகுதி கிடைக்கும். இதை அந்தத் தாய்க்கு அதுவரை யாருமே சொல்லவில்லை. நாமும்தான் சொல்லவில்லை, சங்கக் கூட்டங்களில் போனஸ் பேசியிருக்கிறோம், பஞ்சப்படி பேசியிருக்கிறோம், இதைப் பேசினதில்லை.

வருகிற திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் அந்தத் தாயோடு மனுக் கொடுக்கப் போகிறோம். வட்டாரத்தில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை, சிறப்பாசிரியர் எத்தனை பேர், பணம் எவ்வளவு வந்தது என்று எழுத்தில் பதில் கேட்கிறோம். உங்கள் தெருவிலும் இப்படியொரு பிள்ளை இருந்தால், பெற்றோர் டாக்டர் சர்டிபிகேட்டோடும் பிள்ளையின் அடையாள அட்டையோடும் வரட்டும். அட்டை இல்லாதவர்களும் வரட்டும். அதற்கும் ஒரு மனு எழுதுவோம்.