பயாஸைத் தொட்டால் என்ன ஆகும்?

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் கடைகளில் பரம்பரை பரம்பரையாக ஒரு வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கிறது. "எதை வேணா நோண்டு தம்பி, பயாஸை மட்டும் தொட்டுடாதே." கடைக்காரர் நமக்குச் சொல்வார், நாம் அப்படியே ஜூனியருக்குச் சொல்வோம். ஏன் என்று கேட்டால் "செத்துப் போயிடும்" என்பதோடு சரி. எது சாகும், எப்படிச் சாகும் என்று கேட்டால் முறைப்பார்கள் :-)

இந்த அறிவுரை ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. இன்றைக்குத் தப்பு. வீட்டில் கடன் வாங்கி வாங்கிக் கொடுத்த மெஷினை, தொடாமல் விட்டே கொல்லக்கூடிய அறிவுரை என்று கூடச் சொல்வேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பயாஸ் என்பது என்ன? மதர்போர்டில் (தாய்ப்பலகை என்று எழுத ஆசைதான், கடையில் போய்க் கேட்டால் யாருக்கும் புரியாது) எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன ஃப்ளாஷ் சிப் இருக்கும். அதில் 16 அல்லது 32 எம்பி அளவுக்கு ஒரு மென்பொருள். இப்போது அதன் சரியான பெயர் யுஇஎஃப்ஐ. ஆனால் பழக்கதோஷத்தில் எல்லோரும் பயாஸ் என்றே சொல்கிறோம், போர்டு கம்பெனிகளும் அப்படித்தான் எழுதுகின்றன. விண்டோஸோ லினக்ஸோ கண் விழிப்பதற்கு முன்பே ஓடத் தொடங்குவது இதுதான். ரேம் எந்த வேகத்தில் ஓட வேண்டும், ப்ராசஸர் எத்தனை வாட் வரை இழுக்கலாம், எவ்வளவு வோல்டேஜ் போகலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வதும் இதுதான்.

இன்னொரு வேலையும் அதற்கு உண்டு, நிறைய பேருக்குத் தெரியாதது. ப்ராசஸருக்குள் மைக்ரோகோட் என்று ஒன்று இருக்கிறது. ப்ராசஸர் தயாரித்த பிறகு அதில் தப்பு கண்டுபிடித்தால், கம்பெனி திருத்திய மைக்ரோகோடை வெளியிடும். ஆனால் அந்தத் திருத்தம் ப்ராசஸரில் நிரந்தரமாக ஒட்டாது. கரண்ட் போனால் மறந்துவிடும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பயாஸ்தான் குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல மறுபடி ஊட்டிவிட வேண்டும். பழைய பயாஸ் என்றால் பழைய சோறு. அவ்வளவுதான் விஷயம்.

பயம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. அந்தக் காலத்தில் ஃப்ளாப்பியில் போட்டு டாஸில் பூட் செய்து அப்டேட் செய்வார்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டு கல்தான். போதாக்குறைக்கு 1998-இல் சிஐஹெச் என்று ஒரு வைரஸ் வந்தது. விண்டோஸ் 95, 98 மெஷின்களில் ஹார்ட் டிஸ்கையும் அழித்து, பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதிவைக்கும். அது வேலையைக் காட்டிய நாள் 1999 ஏப்ரல் 26. செர்னோபில் விபத்து நடந்த அதே தேதி என்பதால் அந்தப் பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது. பயாஸ் கெட்டால் மெஷினே ஆன் ஆகாது என்று ஒரு தலைமுறையே அப்போது நேரில் பார்த்தது. அந்தத் தலைமுறைதான் இன்று கடை வைத்திருக்கிறது.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். இன்டெல் கதை.

2022 அக்டோபரில் இன்டெலின் 13-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் வந்தன. சரியாக ஒரு வருடம் கழித்து 14-ஆம் தலைமுறை. 13900கே 5.8 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், 14900கே 6 கிகாஹெர்ட்ஸ். கேட்கவே ஆசையாக இருக்கும். வாங்கியவர்கள் சில மாதம் சந்தோஷமாக இருந்தார்கள். அப்புறம் கேம்கள் க்ராஷ் ஆகத் தொடங்கின. இதில் கொடுமை என்னவென்றால் திரையில் வந்த பிழைச் செய்தி. அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்களில் "வீடியோ மெமரி போதவில்லை" என்று வரும். 24 ஜிபி மெமரி உள்ள கார்டு வைத்திருப்பவனுக்கும் அதே செய்தி. பாவம், ஜனங்கள் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டார்கள், ட்ரைவரை மாற்றினார்கள், விண்டோஸை அழித்து மறுபடி போட்டார்கள். உண்மையில் நடந்தது, கேம் தொடங்கும்போது சுருக்கி வைத்த ஷேடர் ஃபைல்களை விரிக்கும் வேலையில் ப்ராசஸர் கணக்கைத் தப்பாகப் போட்டது. சுருக்கி விரிக்கும் மென்பொருளைச் செய்த ரேட் கேம் டூல்ஸ், இது எங்கள் தப்பில்லை, ப்ராசஸரைப் பாருங்கள் என்று வெளிப்படையாக எழுதியது. 2024 ஏப்ரலில் என்விடியாவும் தன் ட்ரைவர் குறிப்பில் இப்படிப் பிரச்சினை இருப்பவர்கள் இன்டெலைக் கேளுங்கள் என்று கைகாட்டிவிட்டது.

இன்டெல் முதலில் மதர்போர்டு கம்பெனிகளைக் காட்டியது. அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. வேகப் போட்டியில் ஒரு பாயிண்ட் கூட வாங்க வேண்டும் என்பதற்காக இன்டெல் சொன்ன வாட் வரம்பையெல்லாம் தூக்கிவிட்டு, அதையே டீஃபால்ட் என்று வைத்து விற்றன பல போர்டுகள். ஆனால் 2024 ஜூலையில் இன்டெலே ஒப்புக்கொண்டது: மைக்ரோகோடே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கிறது. செப்டம்பரில் மூல காரணத்தையும் சொன்னார்கள். கோருக்குள் இருக்கும் க்ளாக் சர்க்யூட், அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்தால் சீக்கிரமே முதுமை அடைகிறது. முதுமை அடைந்த சிப்புக்கு அதே வேகத்தில் ஓட முன்பை விட அதிக வோல்டேஜ் வேண்டும். அது கிடைக்காதபோது க்ராஷ்.

மருந்து? எல்லாமே பயாஸ் அப்டேட்தான். 2024 ஜூனில் 125 எண் மைக்ரோகோட், ஆகஸ்டில் 129, அது வோல்டேஜ் கோரிக்கை 1.55 வோல்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டது. செப்டம்பரில் 12பி, மெஷின் சும்மா இருக்கும்போது கூட வோல்டேஜ் ஏறுவதை அடக்க. முடிந்தது என்று நினைத்தால் 2025 மே மாதத்தில் 12எஃப், நாள்கணக்கில் ஆஃப் செய்யாமல் லேசான வேலையில் ஓடும் மெஷின்களுக்காக. இன்டெல் மைக்ரோகோடை வெளியிட்டால் மட்டும் போதாது, உங்கள் போர்டு கம்பெனி அதைத் தன் பயாஸில் சேர்க்க வேண்டும், நீங்கள் அதை இறக்கி ஏற்ற வேண்டும். சங்கிலியில் கடைசிக் கண்ணி நாம்தான்.

நான் கடையின் அறிவுரையை எதிர்ப்பதற்கான முக்கியக் காரணம் இதுதான். இந்த அப்டேட் வருமுன் காக்கும். வந்த பிறகு குணப்படுத்தாது. ஏற்கெனவே தேய்ந்துபோன ப்ராசஸரை எந்த மைக்ரோகோடும் திரும்ப வாலிபம் ஆக்காது என்று இன்டெலே தெளிவாகச் சொல்லிவிட்டது. "க்ராஷ் ஆனா அப்போ பார்த்துக்கலாம், நல்லா ஓடுறதை ஏன் தொடணும்" என்பவர்கள் அந்தக் காத்திருப்பிலேயே சிப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். நன்றாக ஓடும்போதுதான் தொட வேண்டும்!

இன்டெல் மட்டும்தான் இப்படி என்று ஏஎம்டி ரசிகர்கள் காலரைத் தூக்க வேண்டாம். 2023 ஏப்ரலில் ரைசன் 7000 வரிசையின் எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில, சாக்கெட்டோடு சேர்ந்து கருகின. தீர்வு, எஸ்ஓசி வோல்டேஜ் 1.3 வோல்டைத் தாண்டாமல் தடுக்கும் புது பயாஸ். அதற்கு முந்தைய வருடம் ரைசன் மெஷின்களில் சத்தமும் மவுஸும் அவ்வப்போது ஒரு நொடி திக்கித் திக்கி நின்றன. டிபிஎம் வேலைக்காக ப்ராசஸர் அந்த பயாஸ் சிப்பையே போய்ப் படித்ததுதான் காரணம். அதற்கும் தீர்வு பயாஸில்தான் வந்தது.

இங்கே எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. 1994-இல் பென்டியம் ப்ராசஸர் சில வகுத்தல் கணக்குகளில் தப்பான விடை தந்தது. கண்டுபிடித்தவர் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர். அந்தச் சிப்பில் மைக்ரோகோட் திருத்தும் வசதி கிடையாது, அது பென்டியம் ப்ரோவில்தான் வந்தது. அதனால் இன்டெல் முணுமுணுத்துக்கொண்டே கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தது. 47.5 கோடி டாலர் செலவு. இன்று? திருத்த முடியும் என்பதாலேயே அரைவேக்காட்டில் இறக்கிவிட்டு, அப்புறம் அப்டேட் விடலாம் என்ற தைரியம் வந்துவிட்டது. வேலையும் ஆபத்தும் வாடிக்கையாளர் தலையில். பாதியில் கரண்ட் போனால் அவன் பாடு. 2023-இல் ஒரு பெரிய போர்டு கம்பெனி, கருகாமல் தடுக்கும் பயாஸையே பீட்டா என்று போட்டு, இதை ஏற்றினால் வாரண்டி போய்விடலாம் என்கிற தொனியில் குறிப்பும் எழுதி வைத்தது. கத்திக் கூச்சல் போட்ட பிறகுதான் இல்லை இல்லை, வாரண்டி உண்டு என்றார்கள்.

அந்தப் பக்கங்களில் எழுதியிருக்கும் விளக்கத்தைப் படித்திருக்கிறீர்களா? "சிஸ்டம் ஸ்திரத்தன்மை மேம்படுத்தப்பட்டது." அவ்வளவுதான். எந்தக் கோளாறு, யாருக்கு, ஏற்றாவிட்டால் என்ன ஆகும், ஒன்றும் இருக்காது. மாத்திரை அட்டையில் "உடம்புக்கு நல்லது" என்று மட்டும் அச்சடித்தால் நாம் சும்மா இருப்போமா? லேப்டாப்களில் நிலைமை பரவாயில்லை. விண்டோஸ் அப்டேட் வழியாகவே நிறைய வந்துவிடுகிறது, லினக்ஸில் 2015 முதல் எல்விஎஃப்எஸ் இருக்கிறது. கடையில் தனியாக வாங்கும் டெஸ்க்டாப் போர்டுகள்தான் பெரும்பாலும் இன்னும் "நீயே தேடி இறக்கிக்கொள்" நிலையில் இருக்கின்றன.

அதற்காக க்ராஷ் ஆனதும் முதல் வேலையாக பயாஸில் கை வைக்கச் சொல்லவில்லை. ரேம் பழுதாக இருக்கலாம், பவர் சப்ளை மட்டமாக இருக்கலாம். ஒரு இரவு மெம்டெஸ்ட்86 ஓடவிட்டுப் பாருங்கள். ஏனென்றால் ரேம் கெட்ட மெஷினில் பயாஸ் ஏற்றுவதுதான் உண்மையிலேயே ஆபத்து, ஃபைல் ரேமில் இருக்கும்போதே கெட்டுப்போய் சிப்பில் ஏறலாம். எக்ஸ்எம்பி, ஓவர்க்ளாக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு டீஃபால்டுக்குக் கொண்டுவந்த பிறகு தொடங்குவது உத்தமம். விண்டோஸுக்குள் இருந்து ஏற்றும் மென்பொருள் வேண்டாம், அது நடுவில் நீலத்திரை போட்டால் யாரைக் கேட்பது? ஃபேட்32-இல் ஃபார்மட் செய்த யுஎஸ்பியில் ஃபைலைப் போட்டு, பயாஸ் மெனுவுக்குள்ளேயே இருக்கும் கருவியால் ஏற்றுங்கள். போர்டு மாடலோடு ரிவிஷன் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்ப்பது நல்லது. பின்பக்கம் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு என்றால் கவலையே இல்லை, பாதியில் கெட்டாலும் ப்ராசஸர், ரேம் எதுவும் இல்லாமலே மறுபடி ஏற்றலாம். கரண்டுக்கு யுபிஎஸ். நம் ஊரில் இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

யாரும் சொல்லாத ஒன்று. பிட்லாக்கர். விண்டோஸ் 11 மெஷின்களில் நிறைய, நமக்கே தெரியாமல் டிஸ்கைப் பூட்டி வைத்திருக்கும். பயாஸ் மாறியதும் "யாரடா நீ" என்று 48 இலக்க ரெகவரி சாவியைக் கேட்கும். முதலில் அதை எடுத்து எழுதிவைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு ஏற்றுங்கள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டிய வாரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

ஏற்றிய பிறகு அமைப்புகள் எல்லாம் பழைய நிலைக்குப் போயிருக்கும், ரெய்டு வைத்திருந்தவர்களுக்கு விண்டோஸ் கிளம்பாமல் போகலாம். பயப்பட வேண்டாம், பழைய அமைப்பை மறுபடி வைத்தால் வந்துவிடும். ஏற்றுவதற்கு முன்பே பயாஸ் திரைகளை மொபைலில் படம் எடுத்து வைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

கடைசியாக, செகண்ட்ஹேண்டில் வாங்கத் திட்டமிடும் நண்பர்களுக்கு. 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9, ஐ5-இல் கே வகை ப்ராசஸர்கள் இப்போது ஆசை காட்டும் விலையில் கிடைக்கின்றன. விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை மாதம் ஓடியது என்பதில்லை, எந்த பயாஸில் ஓடியது என்பது. 2024 ஆகஸ்டுக்கு முந்தைய பயாஸிலேயே இன்றுவரை ஓடியது என்றால் விலையைப் பார்த்து மயங்காமல் நகர்ந்துவிடுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: இந்த வகைகளுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு வருடம் நீட்டி, பெட்டியில் வாங்கியவற்றுக்கு மொத்தம் ஐந்து வருடம் ஆக்கியிருக்கிறது. 2022 கடைசியில் வாங்கியவர்களுக்கு 2027 கடைசி வரை நேரம் இருக்கிறது. புது பயாஸ் ஏற்றியும் க்ராஷ் நிற்கவில்லையென்றால் சிப் தேய்ந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு, பில்லைத் தேடி எடுத்து, மாற்றிக் கேளுங்கள். "பயாஸைத் தொட்டதால்தான் கெட்டது" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள், அந்த பயாஸை ஏற்றச் சொன்னதே இன்டெல்தான்.