பில் வேண்டாம்னா 200 ரூபாய் கம்மி!

ஆடித் தள்ளுபடி வந்துவிட்டால், எங்கள் ஊர்ப் பெண்களைப் பிடிக்க முடியாது. தொண்டாமுத்தூரில் பஸ் ஏறி, காந்திபுரம், ஒப்பணக்கார வீதி என்று நாலு கடை ஏறி இறங்கி, 'எனக்கு 400 ரூபாய் குறைச்சுக் குடுத்தாங்க' என்று சொல்வதில் ஒரு பெருமை. பேரம் பேசுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் காய வைக்கும் ராடு இவற்றில் அந்த 400 எங்கே குறைகிறது என்று யாருமே கேட்பதில்லையே, ஏன்?

முதலில் குறைவது பில். 'பில் வேண்டாம்னா இன்னும் 200 கம்மி பண்றேனுங்க' என்பார்கள். நாமும் சரி என்போம். எங்கள் தெரு அக்கா ஒருவர் அப்படி வாங்கிய மிக்ஸி ஐந்தாம் மாதமே புகைந்துவிட்டது. தூக்கிக்கொண்டு போனால், 'எங்க கடையில வாங்குனதுக்கு என்னங்க அத்தாட்சி?' என்று கேட்டார்களாம். காயில் கட்ட 700 ரூபாய். பிரித்துப் பார்த்தவர், உள்ளே செம்புக் கம்பியே இல்லை, அலுமினியம் என்றாராம். செம்பு அளவுக்கு அலுமினியத்தில் மின்சாரம் சுலபமாகப் பாயாது. உளுந்து, கொப்பரை என்று கெட்டியாக அரைத்தால் சீக்கிரம் சூடேறிவிடும். (700 ரூபாய் கதை அவர் வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது!)

கிரைண்டருக்குப் பேர் போன ஊர் நம் கோவை. புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறோம். கணபதி, பீளமேடு பக்கம் செய்கிறவர்கள் இருக்க, பாதி விலை என்று ஆன்லைனில் ஏதோ பெயர் தெரியாததை வாங்கிவிட்டு, பெல்ட் கிடைக்காமல் அலைகிறவர்களை என்ன சொல்வது?

பணம் போனால் போகட்டும். எனக்குக் கோபம் ராடு விஷயத்தில்தான். டி.வி., செல்போன் என்றால் வீட்டு ஆண்கள் கம்பெனி பார்த்து வாங்குகிறார்கள். சமையலறைக்கும் குளியலறைக்கும் மட்டும் மலிவுச் சரக்கு! சிறுவாணி மலைக்காற்று அடிக்கும் மார்கழி விடியலில், ஈரக் கையோடு ராடைத் தொடுவது யார்? நாம்தானே? சில மலிவு ராடுகளில் எர்த் கம்பியே இருப்பதில்லை.

இஸ்திரிப் பெட்டிக்கும் ராடுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை சட்டப்படி கட்டாயம். முத்திரையை யாரும் அச்சடித்துவிடலாம் என்பதால், அதன் கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் எண்ணையும் பாருங்கள். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செல்போன் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால், எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். என் மகள் கடையில் நின்றபடியே பார்த்துச் சொல்கிறாள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பில் தர மறுப்பது, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து தமிழிலேயே புகார் சொல்லலாம். பில்லை வாங்கியதும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். இப்போது மெஷினில் வருகிற பில், ஆறு மாதத்தில் எழுத்தெல்லாம் மங்கி வெள்ளைத் தாளாகிவிடுகிறது.

— ஒரு வாசகி, தொண்டாமுத்தூர்.