ஓட்டுக் கேட்பவரே ஓட்டு எண்ணலாமா?

மளிகைக் கடைக்காரர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும், அவருடைய எடைக்கல்லுக்கு முத்திரை போடுவது சர்க்கார் ஆய்வாளர்தான். முத்திரையையும் கடைக்காரரே குத்திக்கொண்டால் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

அமெரிக்காவில் ஒப்புக்கொள்கிறார்கள்! எடைக்கல் விஷயத்தில் அல்ல, தேர்தல் விஷயத்தில்.

நம் நாட்டில் தேர்தலை நடத்துபவர் சர்க்கார் அதிகாரி. அவர் அந்தத் தேர்தலில் நிற்க முடியாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் கதையே வேறு. 'கவுண்டி' என்பது அங்கே மாவட்டம் மாதிரி. அதன் தேர்தல் அதிகாரியையே ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் முடிந்ததும் அவர் மறுபடி நிற்கலாம். அந்தத் தேர்தலை நடத்துவது யார்? அவருடைய ஆபீசேதான்!

ஓட்டுச்சீட்டு தயாரிப்பது, வாக்குச்சாவடி அமைப்பது, தபால் ஓட்டு அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. அந்தச் சீட்டில் அவர் பெயரும் இருக்கும்.

பட்டாம்பூச்சி சீட்டு

புளோரிடா மாநிலத்தில் பாம் பீச் என்று ஒரு கவுண்டி. 2000-ம் ஆண்டு ஜனாதிபதி தேர்தலின்போது அங்கே தேர்தல் அதிகாரி தெரசா லெபோர் என்ற பெண்மணி. வயதானவர்கள் நிறைந்த ஊராயிற்றே, எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று நினைத்தார். பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. இரண்டு பக்கமும் பெயர், நடுவில் துளை போடும் வரிசை என்று சீட்டு அமைந்தது.

இடது பக்கத்தில் இரண்டாவது பெயர் அல் கோர். ஆனால் அவருக்கு மூன்றாவது துளை! இரண்டாவது துளை வலது பக்கத்தில் இருந்த புக்கானனுக்கு. ஜனங்கள் குழம்பினார்கள். ஒன்றுக்கு மேல் துளை போட்டதால் 19 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் செல்லாமல் போயின. மாநிலம் முழுவதிலும் புஷ் ஜெயித்ததோ வெறும் 537 ஓட்டில்! அந்த அம்மையார் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அப்போது அவர் கோரின் கட்சிக்காரர்தான்.

2004-ல் அதே அம்மையார் அதே பதவிக்கு மறுபடி நின்றார். ஊர்க் கோபம் ஆறவில்லை. ஆர்தர் ஆண்டர்சன் என்பவரிடம் தோற்றார். அவர் தோற்ற தேர்தலை நடத்தியது அவர் ஆபீசே.

"பார்த்தீங்களா, ஒழுங்காத்தானே நடந்திருக்கு!" என்று சிலர் சொல்லலாம். தோற்றதால் வம்பில்லாமல் போச்சு. 100 ஓட்டில் ஜெயித்திருந்தால்? நேர்மையாகவே எண்ணியிருந்தாலும் ஊர் நம்பியிருக்குமா?

பாதி வேலி

புளோரிடா சட்டம் ஒரு வேலி போட்டிருக்கிறது. ஓட்டுகளைச் சரிபார்க்கும் 3 பேர் குழுவில் தேர்தல் அதிகாரியும் ஒருவர். அவரே போட்டியில் இருந்தால் குழுவில் உட்காரக் கூடாது. வேறு ஆள் வரவேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கு முந்தைய வேலைகள்? ஆபீஸ் சிப்பந்திகள் அவருக்குக் கீழேதானே! மேனேஜரின் நாற்காலியே போட்டியில் இருக்கும்போது குமாஸ்தா வாய் திறப்பாரா?

மேல் மட்டத்திலும் இதே கூத்துதான். ஜார்ஜியா மாநிலத்தில் தேர்தல் பொறுப்பில் இருந்த பிரையன் கெம்ப் 2018-ல் கவர்னர் பதவிக்கு நின்றார். பொறுப்பை விடுங்கள் என்று பலர் கேட்டும், ஓட்டுப்பதிவு முடிந்து 2 நாள் கழித்தே விலகினார். சுமார் 55 ஆயிரம் ஓட்டில் ஜெயித்தார். எதிர்த்து நின்ற ஸ்டேசி ஆப்ராம்ஸ், தேர்தல் நியாயமாக நடக்கவில்லை என்றார். ஜெயித்தவருக்கும் நிம்மதி இல்லை, தோற்றவருக்கும் திருப்தி இல்லை.

"ஜனங்கள் தேர்ந்தெடுத்த அதிகாரி ஜனங்களுக்குப் பயப்படுவார், மேலிடத்துக்குத் தலையாட்ட மாட்டார்" என்று அங்கே வாதம் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. தேர்ந்தெடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தன் பெயர் சீட்டில் ஏறிய அன்றே ஆபீஸ் சாவியை வேறு கையில் கொடுத்துவிடவேண்டும். அதைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும். ஆளின் நல்ல மனசுக்கு விடக்கூடாது.

கடைக்காரர் நாணயஸ்தராகவே இருக்கட்டும். முத்திரை மட்டும் வேறொருவர் கையில் இருக்கட்டும்!