மிக்சியை மட்டும் முறைக்காதீர்கள்!

கரண்ட் பில் அதிகமாக வந்தால் வீட்டில் முதலில் யாரைப் பார்ப்பார்கள்? நம்மைத்தான். "நாள் முழுக்க வீட்டுல இருக்கிறது நீதானே, எதையாவது ஓட விட்டுக்கிட்டே இருப்ப" என்று ஒரு வார்த்தை வந்து விழும். எனக்கும் விழுந்தது.

நாங்கள் இருப்பது தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் வழியில். மாமனார், மாமியார், நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேருக்கும் ஒரே மீட்டர். குளிர் நாளில் இரண்டு மாதத்துக்கு 280 யூனிட் போல ஓடும், 585 ரூபாய் கட்டுவோம். 2024 கோடையில் ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 524 யூனிட். பணம் 2,142 ரூபாய்! அந்த வருஷ வெயில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட் என்று அதுவரை இல்லாத அளவுக்குப் போனதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள்.

என் கணவர் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். பில்லைப் பார்த்ததும், "இனிமே வாஷிங் மிஷினைப் போடாதே, மிக்சியையும் கொறைச்சுக்கோ" என்றார். அத்தை தன் பங்குக்கு, "நாங்க எல்லாம் ஆட்டுக்கல்லுல ஆட்டலையா, அம்மியில அரைக்கலையா?" என்றார்கள். சரி, வம்பு எதற்கு என்று பத்து நாள் ஆறு பேர் துணியையும் கையால் துவைத்தேன். பத்தாம் நாள் தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ரோஷம் வந்தது. நான் படித்தது பத்தாம் வகுப்பு வரைதான். ஆனால் ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்ற கணக்கு அதில் படித்ததுதானே! பெண்ணின் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சாமானாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாட் எண்ணை எழுதினேன். மிக்சி 500 வாட். தினம் பத்து நிமிஷம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 5 யூனிட்தான். கிரைண்டர் 150 வாட். வாரம் இரண்டு தடவை மாவாட்டினால் 2 யூனிட்கூட முழுதாக வராது. வாஷிங் மிஷின் ஒருநாள் விட்டு ஒருநாள் முக்கால் மணி நேரம், 9 யூனிட். ஆக, என்னுடைய மூன்று மிஷினும் சேர்ந்து 16 யூனிட்! மூன்றையும் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டிருந்தாலும் பில் 508 யூனிட்டில் வந்து நின்றிருக்கும்.

அப்படியானால் மீதி எங்கே போனது? கோடையில் போரில் தண்ணீர் கீழே போய்விட்டதால் ஒரு குதிரைத்திறன் மோட்டார் தினமும் கூடுதலாக இரண்டு மணி நேரம் ஓடியது. ஒரு மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தாலே இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். அதிலும் மோட்டாரைப் போட்டுவிட்டுத் திண்ணையில் பேச உட்கார்ந்துவிடுவது யார்? டேங்க் நிரம்பி வழிந்து தெருவில் ஓடும், பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டுவார். ஏப்ரலில் வாங்கிய ஏர் கூலர் 200 வாட், பத்து மணி நேரம் ஓடியது. அது இன்னொரு 120. இரண்டும் சேர்ந்து 240. நோட்டை அப்படியே கணவரிடம் நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மெக்கானிக்கைக் கூட்டிவந்து, டேங்க் நிரம்பினால் மோட்டார் தானே நிற்கிற ஸ்விட்சை மாட்டினார். கொல்லைக் குழாயில் இருந்த ஒழுக்கலும் அன்றே சரியானது.

சிக்கனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சிக்கனம் என்றதுமே பெண்களின் கைவேலையைக் கூட்டுவதுதான் வழி என்று நினைப்பது ஏன்? எதிர்வீட்டில் ஒரு தங்கை, 2023-ல் சிலிண்டர் ஆயிரத்து நூறைத் தாண்டியபோது காஸை மிச்சம் பிடிக்கிறேன் என்று இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினாள். அது 1,800 வாட். அவளுக்கும் பில் எகிறி, திட்டும் அவளுக்கே கிடைத்தது. கணக்குப் பார்க்காமல் எதை மாற்றினாலும் இப்படித்தான்.

அரசாங்கத்திடமும் ஒரு விஷயம் கேட்க வேண்டும். 2022 செப்டம்பரில் வந்த விலைப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட் ஆனால் 1,958 ரூபாய்! ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். காரணம், 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு என்ற சலுகை போய், அதற்கும் நாலரை ரூபாய் போடுவார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கடைசி 24 யூனிட்டுக்கு மட்டும் 417 ரூபாய். நிறையச் செலவு செய்கிறவர்களிடம் நிறைய வாங்கட்டும், நியாயம்தான். ஆனால் ஆறு பேர் ஒரே மீட்டரில் இருக்கும் கூட்டுக் குடும்பமும், ஏ.சி. போட்டுக்கொண்டு இரண்டு பேர் இருக்கும் வீடும் ஒரே தராசிலா? தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலையைக் கூட்டினால் போதாதா? வயசான மாமனார் மாமியாரை வைத்துப் பார்க்கிறவர்களுக்கு இது அபராதம் போலத்தான் இருக்கிறது. 2024 ஜூலையில் இன்னும் 4.83 சதவீதம் ஏற்றினார்கள்.

விலையாவது பரவாயில்லை, கரண்டே இல்லாமல் போவதுதான் எனக்குப் பெரிய பயம். 2012-ஐ மறக்க முடியுமா? அப்போது என் பெரியவள் கைக்குழந்தை. சென்னைக்கு இரண்டு மணி நேரம் மின்வெட்டு என்றால் எங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல். அதற்கு முந்தின வருஷம் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி எங்களுக்கும் கிடைத்தது. ஃபேன் வந்தது, சுற்றத்தான் கரண்ட் இல்லை! ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும். ஒரு பக்கம் மோட்டார், ஒரு பக்கம் கிரைண்டர், எழுந்திருப்பது பெண்கள் மட்டும்தான். குழந்தைக்கு விடிய விடிய விசிறியால் வீசி எனக்குக் கையெல்லாம் மரத்துப் போகும். அந்த நாளை அனுபவித்ததால்தான், 2024 மே மாதம் ராத்திரியில் வோல்டேஜ் குறைந்து ஃபேன் முனகும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அதனால் சில பழக்கங்களை விடாமல் வைத்திருக்கிறேன். மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்தப் போவதாகப் பேப்பரில் பார்த்தால் முந்தின நாளே மாவாட்டி, டேங்கையும் அண்டாவையும் நிரப்பிவிடுவேன். அன்றைக்குச் சட்னி கிடையாது, களியும் கீரைக் கடைசலும்தான். இன்வெர்ட்டர் வாங்கலாம் என்று கணவர் சொன்னபோது, அதன் பேட்டரியே கரண்ட் குடிக்கும் என்று தடுத்துவிட்டேன். அந்தப் பணத்தில், விடிய விடிய ஓடும் அறைக்கு மட்டும் புது மாதிரி பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்று வாங்கினோம். பழையது 75 வாட், இது முப்பது வாட் சொச்சம். மொட்டை மாடி உள்ளவர்கள் சூரியசக்திப் பலகை போட 2024-ல் மத்திய அரசு மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவித்தது. எங்கள் வீடு பாதி ஓடு, அந்தக் கதை நமக்கு ஆகாது.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்டூல் போட்டு ஏறி மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் எழுதிவிடுவேன். ஐம்பதாம் நாளில் 400-ஐத் தாண்டினால் வீட்டில் எல்லோருக்கும் அறிவிப்பு உண்டு. அடுத்த இரண்டு மாதம் 390-ல் நின்றது. கூலர் ஓடாததும் ஒரு காரணம், பொய் சொல்ல மாட்டேன்.

வாஷிங் மிஷின் மறுபடி ஓடுகிறது. ஆட்டுக்கல் பேச்சை அத்தை எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்டூலைத் தூக்கும்போதே கீழே நின்றுகொண்டு, "எத்தனைம்மா ஆச்சு? ஐநூறு ஆகலையே?" என்று கேட்கிறார்கள்.

- ஓர் இல்லத்தரசி, தருமபுரி.