ஆட்டினால் சக்தி போகாது, அம்மம்மா



இந்தக் கிழமை எபிசோடில் ஷாம்பு, பற்பசை, முகக் கிறீம் எல்லாம் ஏன் அப்படி நடந்துகொள்ளுது என்று கதைச்சோம். நாற்பது நிமிசம் கதைச்சும் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. மைக்குக்கு முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் இங்கே எழுதுறேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஈஸ்ட் ஹாமில் இருந்தோம். அம்மம்மாவுக்கு நெஞ்செரிவு. டொக்டர் ஒரு வெள்ளைத் திரவ மருந்து எழுதிக் கொடுத்தார். லேபல் வாசிக்கிறது என்னுடைய வேலை. உங்கள் வீட்டிலும் அது உங்கள் வேலையாகத்தான் இருந்திருக்கும்: கவுன்சில் கடிதம், காஸ் பில், மருந்துப் போத்தல். "நல்லா ஆட்டிப்போட்டுக் குடிக்கட்டாம், சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு கரண்டி" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ரீவிப் பக்கம் திரும்பிவிட்டேன்.

அம்மம்மா முதல் நாள் ஆட்டிப் பார்த்தா. கட்டியாக இருந்த மருந்து தண்ணி மாதிரி ஓடியிருக்கு. பாலில் தண்ணி கலந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்த மனுசி. ஆட்டினால் மருந்தின் சக்தி போகுது என்று முடிவெடுத்திட்டா. அதுக்குப் பிறகு போத்தலை ஆடாமல் அசையாமல் எடுத்து, மெதுவாகச் சரித்து, மேலே இருந்து வந்ததை மட்டும் கரண்டியில் வார்த்துக் குடிச்சா.

மூன்று கிழமையாகியும் எரிவு குறையவில்லை. திரும்பவும் டொக்டரிடம் போனோம். "மருந்து வேலை செய்யுதில்லையாம்" என்று நான்தான் மொழிபெயர்த்தேன். அவர் கூடிய சக்தியுள்ள வேறொன்றை எழுதினார். எப்படிக் குடிக்கிறா என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அலுமாரி துப்புரவாக்கும்போது பார்த்தேன். மூன்று போத்தல் வரிசையாக நிற்குது. ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு விரல் தடிப்பில் வெள்ளைச் சேறு. ஏன் எறியவில்லை என்று கேட்டபோதுதான் முழுக் கதையும் வந்தது. "சத்தெல்லாம் அடியிலதானே கிடக்கு, பிள்ளை. எறிய மனம் வரேல்லை." பிறகு சொன்னா: "ஆட்டச் சொன்னனி. ஏன் ஆட்டவேணும் எண்டு சொல்லேல்லையே."

அம்மம்மா பார்த்தது பிழையில்லை. ஆட்டினால் இளகும் என்பது சரி. சத்து அடியில் என்பதும் சரி. இரண்டுக்கும் நடுவில் இருந்த விளக்கம்தான் அவவுக்குக் கிடைக்கவில்லை.

அந்த விளக்கத்தின் பெயர் திக்ஸோட்ரோபி. இதில் எபிசோடுக்கு ஒரு திருத்தமும் இருக்கு. வேகமாகக் கலக்கினால் இளகிறதும் திக்ஸோட்ரோபியும் ஒன்றுதான் என்கிற மாதிரி நான் கதைச்சிட்டேன். இரண்டும் ஒன்றில்லை. முதலாவதில் வேகம்தான் கணக்கு. வேகமாகத் தள்ளினால் இளகும், தள்ளுகிறதை நிப்பாட்டினால் உடனே பழையபடி. திக்ஸோட்ரோபியில் நேரமும் கணக்கில் வரும். ஒரே வேகத்தில் கலக்கிக்கொண்டே இருந்தாலும் பிசுக்குமை மெல்ல மெல்லக் குறையும். நிப்பாட்டின பிறகு திரும்ப இறுகவும் நேரம் எடுக்கும். சோஸ் போத்தலில் இரண்டும் சேர்ந்து நடக்குது. அதனால்தான் எனக்கும் குழம்பினது.

தயிரையும் இதில் சேர்க்கலாமா என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். அரைவாசிதான் சேர்க்கலாம். சட்டித் தயிரைக் கரண்டியால் கலக்கினால் இளகும். ஆனால் எவ்வளவு நேரம் வைத்தாலும் பழைய வெட்டுத் தயிராக முழுசாகத் திரும்பாது. உண்மையான திக்ஸோட்ரோபியில் உடைந்தது திரும்பக் கட்டுப்படும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கொப்பளிப்பான் வந்தபோது உடம்பெல்லாம் பூசிவிட்ட அந்த ரோஸ் நிறக் கலமைன் லோஷன் ஞாபகம் இருக்கா? பிரித்தானிய மருந்து நூலின் செய்முறையில் அதற்குள் பென்ரோனைற் என்ற களிமண் இருக்கு. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள். தகட்டின் முகத்தில் மைனஸ் மின்னேற்றம், விளிம்பில் பிளஸ் இருக்கக்கூடும். சும்மா விட்டால் விளிம்பும் முகமும் ஒட்டி, சீட்டுக்கட்டால் கட்டின வீடு மாதிரி ஒரு கூடு உருவாகும். தண்ணியும் மருந்துத் தூளும் அதுக்குள் மாட்டிக்கொள்ளும். ஆட்டினால் வீடு சரியும், லோஷன் ஓடும். மேசையில் வைத்தால் தகடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பவும் ஒட்டும்.

இதே களிமண்தான் சுரங்கமும் தோண்டியது. ஜோன் பார்ட்லெற் என்ற பொறியியலாளர் 1964இல் ஒரு காப்புரிமை எடுத்தார்: சுரங்க இயந்திரத்தின் முன்பக்கத்தைப் பென்ரோனைற் குழம்பால் நிரப்பி, இடிந்து விழும் மண்ணைத் தாங்கிப் பிடிக்கலாம் என்று. 1972இல் நியூ குரொஸில் சுமார் 150 மீற்றர் சுரங்கம் தோண்டி அதைப் பரீட்சித்தார்கள். குழாயில் ஓடும்போது குழம்பு இளக்கமாக இருக்கும். மண் இடுக்குக்குள் போய் நின்றால் இறுகும். உங்கள் தோலில் பூசினதும் தென் லண்டன் மண்ணைத் தாங்கினதும் ஒரே வித்தைதான்.

இந்தக் கதைக்கு லண்டனோடு அதைவிடப் பழைய உறவும் உண்டு. 1923இல் பெர்லினில் ஹேர்பேட் ஃபிரொயின்ட்லிக்கின் ஆய்வுகூடத்தில் எம்மா ஷாலெக், அண்டோர் செக்வாரி என்ற இரண்டு பேர், இரும்பு ஒக்சைட் ஜெல் ஒன்று ஆட்டினால் திரவமாகி, விட்டால் திரும்ப உறையுது என்று கண்டார்கள். 1927இல் அதற்குப் பெயர் வந்தது. தொடுதல், மாறுதல் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்தது. எங்களிடம் தொட்டாச்சிணுங்கி இருக்குத்தானே, இதைத் தொட்டால்இளகி என்று சொல்லலாம் என்பது என் ஆசை. 1933இல் நாசி ஆட்சி யூதப் பின்னணி உள்ளவர்களை வேலையிலிருந்து துரத்தியபோது ஃபிரொயின்ட்லிக் பெர்லினை விட்டு லண்டனுக்கு வந்தார். யூனிவேர்சிற்றி கொலிஜ் லண்டனில் இருந்த காலத்தில், 1935இல், திக்ஸோட்ரோபி என்ற பெயரிலேயே அவருடைய சிறு நூல் வெளிவந்தது. பிறகு அமெரிக்கா போய் 1941இல் காலமானார். யூஸ்ரன் றோட்டால் பஸ்ஸில் போகும்போது அந்த மனுசனை நினைக்கிறேன். ஊரை விட்டு ஓடி வந்து, புது மொழியில் தன் வேலையைத் திரும்ப விளங்கப்படுத்தின ஒருவர்.

சரி, அம்மம்மாவின் போத்தலுக்கு வருவம். திரவ மருந்து செய்கிறவர் ஒரே சாமானிடம் இரண்டு எதிர் வேலைகளைக் கேட்கிறார். தட்டில் நிற்கும்போது தூள் அடியில் இறங்காத அளவுக்கு இறுகி இருக்கவேணும். வார்க்கும்போது இளகவேணும், தூள் எல்லா இடமும் சமமாகப் பரவி இருக்கவேணும், கரண்டிக்குப் போகும்வரை அப்படியே நிற்கவும் வேணும். எவ்வளவு நேரத்தில் திரும்ப இறுகுது என்பதையும் யோசித்துத்தான் செய்கிறார்கள். எவ்வளவு நல்லாகச் செய்தாலும் நாள்கணக்கில் நின்றால் தூள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதனால் "நன்கு குலுக்கவும்" என்பது புத்திமதி இல்லை. அது மருந்தின் அளவில் ஒரு பகுதி. ஆட்டாமல் எடுத்த இரண்டு கரண்டி, டொக்டர் எழுதின இரண்டு கரண்டி இல்லை.

நெஞ்செரிவு மருந்து என்றபடியால் நாங்கள் தப்பினோம். வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிற்றோயின் திரவமும் இப்படித்தான். ஆட்டாமல் குடித்தால் முதல் பாதியில் மருந்து குறைவாகப் போகும், வலிப்புத் திரும்ப வரலாம். போத்தல் முடியும் நேரத்தில் அடியில் சேர்ந்தது எல்லாம் ஒரேயடியாகப் போகும். வேலை செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைந்த மருந்து அது. அதே போத்தல், அதே கரண்டி, அதே நோயாளி. ஆட்டவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

தடிப்பாக இருந்தால் சத்துக் கூட என்ற நம்பிக்கை அம்மம்மாவோடு முடியவில்லை என்பதையும் சொல்லவேணும். ஐம்பது பவுணுக்குக் கிறீம் வாங்கி, மூடியைத் திறந்து, "எவ்வளவு ரிச்சாக இருக்கு" என்று வீடியோ போடுகிற நாங்களும் அதைத்தான் நம்புறோம். காபொமர் என்ற பொலிமரை நூற்றுக்கு ஒரு பங்கிலும் குறைவாகப் போட்டாலே தண்ணி ஜெல்லாகிவிடும். விரலில் உணருகிற தடிப்பு, உள்ளே எவ்வளவு மருந்து இருக்கு என்பதைச் சொல்லாது. அதைக் கூர்ந்து பார்த்துச் சந்தேகப்பட்ட வகையில் அம்மம்மா எங்களைவிட ஒரு படி மேலே.

இப்போது என் கருத்துக்கு வாறேன். நாங்கள் வீட்டில் செய்த மொழிபெயர்ப்பு பாதி மொழிபெயர்ப்பு. கட்டளையை மட்டும் தமிழாக்கினோம், காரணத்தை விட்டுவிட்டோம். "சொன்னால் சொன்னபடி செய்யவேண்டியதுதானே" என்று சிலர் கேட்பீர்கள். நாங்கள் செய்யிறோமா? காரணம் தெரியாத கட்டளை, கண்ணால் கண்டதோடு முட்டினால் யாரும் கண்ணைத்தான் நம்புவார்கள். ஊரில் காணி, கிணறு, கோழி, கணக்கு எல்லாம் பார்த்த மனுசிக்கு, பன்னிரண்டு வயதுப் பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு சொன்ன ஒரு வரி எப்படிப் போதும்?

"இது பிள்ளைகளின் பொறுப்பே இல்லை" என்று சொல்பவர்களோடும் நான் ஒத்துப்போறேன். என்.எச்.எஸ். டொக்டரிடம் போகும்போது மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், அதற்குக் காசு இல்லை. கட்டாயம் கேளுங்கள். தமிழ்ச் சனம் நிறைந்த இடங்களில் இருக்கிற பாமசிகள் ஒரு வரித் தமிழ் ஸ்ரிக்கர் ஒட்டினால் இன்னும் நல்லது: "ஆட்டினால்தான் மருந்து சரிசமமாகக் கலக்கும்." ஆனால் இரவு பத்து மணிக்கு, குசினியில், போத்தலும் கையுமாக நிற்கும்போது பக்கத்தில் நிற்கப்போவது நாங்கள்தான்.

அதனால் இந்தக் கிழமை ஒரு சின்ன வேலை. வீட்டில் அம்மம்மா, அப்பப்பா, அம்மா யாராவது திரவ மருந்து குடிக்கினம் என்றால், "எப்படிக் குடிக்கிறீங்கள், ஒருக்காக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். திருத்த அவசரப்படாமல் முதலில் பாருங்கள். பிறகு கலமைன் போத்தல் ஒன்றை எடுத்து, ஆட்ட முதல் சரித்துக் காட்டுங்கள், ஆட்டிச் சரித்துக் காட்டுங்கள், பக்கத்தில் வைத்து ஒரு தேத்தண்ணி குடித்த பிறகு திரும்பச் சரித்துக் காட்டுங்கள். இளகினது இறுகுறதைக் கண்ணால் கண்டால், தண்ணி கலக்கவில்லை, சக்தி எங்கேயும் போகவில்லை என்று அவையே சொல்லுவினம்.

நான் அம்மம்மாவுக்கு அதைக் காட்டினபோது எனக்குப் பத்தொன்பது வயது. பார்த்துவிட்டு, "இதை அண்டைக்கே சொல்லியிருந்தால் மூண்டு போத்தல் மிச்சம்" என்று மட்டும் சொன்னா.

உங்கள் வீட்டுக் கதைகளை எழுதி அனுப்புங்கள். அடுத்த கிழமை சந்திப்பம்.