கதை கேட்ட கண்ணே காணும்

சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தோன்றியது. அதன் செப்புத் திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு ஆடவல்லான் நிற்கின்றான். பிரெஞ்சு நாட்டுச் சிலைவல்லார் உரோடின் அவனை நேரிற் கண்டவர் அல்லர். ஒளிப்படங்களைக் கண்டே வியந்து எழுதினார். அவ்வெழுத்து, அவர் மறைந்தபின் 1921-இல் அச்சேறியது. கடலுக்கு அப்பால் இருந்த ஒருவரைப் படத்தாலேயே ஈர்த்த திருமேனியை, நம் பள்ளிப் பிள்ளைகள் நேரில் கண்டும் நின்று நோக்காது கடந்துவிடுகின்றனர். குற்றம் பிள்ளைகளுடையதா? "தொடாதே, பேசாதே, வரிசையில் நட" என்னும் கட்டளைகளை மட்டுமே தந்து அழைத்துச் செல்லும் பெரியோருடையதே.

குழந்தைக்கு நூற்றாண்டுக் கணக்கும் உயரக் கணக்கும் பின்னர்ப் போதும். முதலில் வேண்டுவது கதை. "இவனுக்கு எத்தனை கைகள்? ஒரு கையில் உடுக்கை, மற்றொன்றில் தீ, கை சுடாதா? காலடியில் கிடக்கும் முயலகன் எழுந்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். விடையைப் பிள்ளையே புனையட்டும். அவனைப்போல் ஒற்றைக்காலில் நின்று பார்க்கச் சொல்லுங்கள், தள்ளாடிச் சிரிக்கும். அசையாச் செம்பை ஆடவைத்தவனின் திறம் அப்போது தானே விளங்கும். ஆடவல்லான் என்பது இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் உள்ள பெயர். ஆட வல்லவன், உரை வேண்டாத பெயர். தமிழ்ப்பெயரைக் கேட்ட பிள்ளைக்குக் கதையின் தொடக்கம் அப்பெயரிலேயே கிடைத்துவிடுகிறது.

வீடு திரும்பியபின் மெழுகும் களிமண்ணும் கொடுங்கள். மெழுகில் உருச்செய்து, அதன்மேல் மண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்து, அவ்வெற்றிடத்தில் உருக்கிய செம்பை ஊற்றி, மண்ணை உடைத்து உருவை எடுப்பது நம் வார்ப்புமுறை. ஓர் அச்சில் ஓர் உருவே. குடந்தையை அடுத்த சுவாமிமலையில் இன்றும் அவ்வாறு வார்க்கின்றனர். செப்பு வார்ப்பு பெரியோர் தொழில். மெழுகு பிசைவது பிள்ளைகளின் விளையாட்டு.

"கதை வரலாறு ஆகுமா?" எனச் சிலர் வினவலாம். புனைந்தது எது, மெய் எது எனப் பிரித்துச் சொல்லிவிட்டால் கேடில்லை. மெய்யே ஒரு பெருங்கதையாக இருப்பதும் உண்டு. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயில் ஆடவல்லான் திருமேனி 2006-இல் களவு போயிற்று. 2008-இல் ஆத்திரேலிய நாட்டுக் கலைக்கூடம் பெருவிலை கொடுத்து அதனை வாங்கியது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்னரே எடுத்து வைத்திருந்த ஒளிப்படங்கள் அதனை அடையாளங் காட்டின. 2014-இல் அது மீண்டது. ஒளிப்படம் எடுக்கப்படாத திருமேனிகளுக்கு யார் சான்று? அவற்றின் முகத்தையும் விரல்களையும் கதையோடு நெஞ்சிற் பதித்துக்கொண்ட பிள்ளைகளே சான்று.

பெற்றோரே, ஆசிரியரே! அடுத்த விடுமுறையில் கூடம் முழுவதையும் காட்டிவிட முனையாதீர். ஒரே ஒரு திருமேனியின்முன் கால்மணி நேரம் நில்லுங்கள். கதை சொல்லுங்கள், பின்னர்ப் பிள்ளை சொல்லும் கதையைக் கேளுங்கள். காவலர் பூட்டைக் காப்பர். கதை அறிந்த பிள்ளைகள் கலையைக் காப்பர்.